மலிவு விலை கேம்பேட்: ஸ்டிக்கின் நடுப்புள்ளியில் தெரியும் தரம்

நான்கு மாதங்களாகக் கணினியில் விளையாடப் பயன்படுத்திவரும் ஒரு மலிவு விலை கேம்பேடைப் பற்றியது இந்த மதிப்பீடு. ஒரே அச்சில் வார்த்த உடலும் ஒரே சர்க்யூட் போர்டும் கொண்ட கருவி பல பெயர்களில் விற்கப்படுவது இந்த விலைப்பிரிவில் வழக்கம் என்பதால், பெட்டியின் மேலுள்ள பெயரை விட்டுவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது, அது கையில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை எழுதுகிறேன். பெயர்பெற்ற நிறுவனத்தின் கன்ட்ரோலருக்குக் கொடுக்க வேண்டியதில் பாதிக்கும் குறைவாகவே இதற்குச் செலவானது.

வாங்கக் காரணம் என் பழைய கேம்பேடின் இடது ஸ்டிக், அதாவது கட்டைவிரலால் எத்திசையிலும் சாய்க்கும் சிறு குமிழ். கையை எடுத்த பிறகும் மெனுவில் தேர்வு தானாகக் கீழே இறங்கிக்கொண்டே போகும். கார் பந்தயத்தில் நேரான சாலையிலும் வண்டி மெல்ல இடப்பக்கம் ஒதுங்கும். டிரிஃப்ட் என்று எல்லோரும் சொல்லும் இந்தக் கோளாறு பெரும்பாலும் பொட்டென்சியோமீட்டரில் பிறக்கிறது. ஸ்டிக்கைச் சாய்க்கும் ஒவ்வொரு முறையும் கரிப்பூச்சு கொண்ட ஒரு தடத்தின்மேல் சிறிய உலோகக் கால் ஒன்று உராய்ந்து நகர்கிறது. அது எங்கே நிற்கிறதோ அதற்கேற்ற மின்னழுத்தமே ஸ்டிக்கின் நிலையாகக் கணினிக்குப் போகிறது. ஸ்டிக் அதிக நேரம் இருப்பது நடுப்பகுதியிலும் அதன் சுற்றுப்புறத்திலும்தான் என்பதால் தடம் முதலில் தேய்வதும் அங்கேதான். தேய்ந்த பிறகு ஸ்டிக் நடுவில் நின்றாலும் வரும் எண் நடுவாக இருப்பதில்லை.

ஹால் எஃபெக்ட் ஸ்டிக்கில் இந்த உராய்வு கிடையாது. 1879இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவை அடிப்படையாகக் கொண்டு, ஸ்டிக்கோடு சேர்ந்து அசையும் காந்தத்தின் புலம் எப்படி மாறுகிறது என்பதைத் தொடாமலே ஒரு சென்சார் அளக்கிறது. கேம்பேடுக்கு இது புதிய யோசனையும் அல்ல. 1998இல் வெளியான சேகா ட்ரீம்காஸ்டின் கன்ட்ரோலரிலேயே இந்த வகைச் சென்சார்கள் இருந்தன. பிறகு நெடுங்காலம் பெரிய நிறுவனங்கள் பொட்டென்சியோமீட்டரையே பிடித்துக்கொண்டிருக்க, மலிவு விலைக் கருவிகளைச் செய்பவர்கள் இதைக் கையில் எடுத்தார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தருகிறது. குறைந்த விலையில் வாங்குபவருக்கு நீண்ட நாள் உழைக்கும் பாகம் கிடைக்கிறது என்றால் அது பாராட்ட வேண்டிய செய்தி.

ஆனாலும் பெட்டியில் ஹால் எஃபெக்ட் என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்குவது போதாது என்பதை இந்த நான்கு மாதங்களில் நன்றாகவே தெரிந்துகொண்டேன். அந்தச் சொல் சென்சார் தேயாது என்பதற்கு மட்டுமே உறுதி. ஸ்டிக்கை நடுவுக்கு இழுத்துவரும் ஸ்பிரிங் தளரலாம்; தொழிற்சாலையில் செய்த அளவுத்திருத்தம் பிசகியிருக்கலாம்; எல்லாவற்றுக்கும் மேலாக, சென்சார் தரும் எண்ணைக் கேம்பேடின் உள்ளே பதிந்திருக்கும் நிரலான ஃபர்ம்வேர் என்ன செய்து கணினிக்கு அனுப்புகிறது என்பது வாங்கும்போது யார் கண்ணுக்கும் படுவதில்லை. என் கருவியின் குறை சரியாக அந்த இடத்தில்தான் இருக்கிறது.

விண்டோஸில் ரன் பெட்டியைத் திறந்து ஜாய்.சிபிஎல் என்று ஆங்கில எழுத்துகளில் தட்டினால் கேம் கன்ட்ரோலர்களுக்கான பழைய சோதனைப் பலகை திறக்கும். அதில் ஒரு சதுரத்துக்குள் சிறிய கூட்டல் குறி இடது ஸ்டிக்கின் நிலையைக் காட்டும். முதல் நாள் இரவு அதன் முன் உட்கார்ந்து, கட்டைவிரலை ஸ்டிக்கின்மேல் லேசாக வைத்து, மயிரிழை மயிரிழையாக வலப்புறம் சாய்த்தேன். குறி அசையவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்த்தேன்; அப்போதும் அசையவில்லை. ஸ்டிக் சாய்ந்திருப்பது கண்ணுக்கே நன்றாகத் தெரியும் அளவுக்கு வந்த பிறகு, குறி சட்டென்று நடுவை விட்டுத் தாவிப்போய் நின்றது. அடுத்து, நடுவிலிருந்து மேல்நோக்கி, சற்றே வலப்பக்கம் சாய்ந்த ஒரு கோட்டை மிக மெதுவாக வரையப் பார்த்தேன். குறி செங்குத்தாகவே ஏறியது. பாதி தூரம் போன பிறகுதான் வலப்பக்கம் விலகியது.

முதல் சோதனை காட்டுவது டெட்ஸோனை. நடுவைச் சுற்றியுள்ள சிறு அசைவுகளைப் புறக்கணிக்கும் பகுதிக்கு அந்தப் பெயர். ஸ்டிக் துல்லியமாக நடுவுக்குத் திரும்பாத குறையை மறைக்க ஃபர்ம்வேரிலேயே அதை வைத்துவிடுவது தயாரிப்பாளருக்குச் சுலபமான வழி. இரண்டாவது சோதனை காட்டுவது, அந்தப் பகுதி வட்டமாக இல்லாமல் கிடைமட்ட அச்சுக்குத் தனியாகவும் செங்குத்து அச்சுக்குத் தனியாகவும் வைக்கப்பட்டிருப்பதை. அப்படி வைத்தால் அது ஒரு சிலுவையின் வடிவத்தைப் பெற்று, நேர்க்கோட்டுக்கு அருகிலுள்ள சாய்வான அசைவுகளையெல்லாம் நேராக்கிவிடுகிறது.

கேமுக்குள் இதன் விளைவு இரட்டிப்பாகிறது. விண்டோஸ் கேம்கள் கேம்பேடைப் படிக்கப் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்இன்புட் முறையில் ஒவ்வொரு அச்சின் மதிப்பும் ஏறத்தாழ மைனஸ் 32768 முதல் 32767 வரை போகும். மைக்ரோசாஃப்ட் கேம் எழுதுபவர்களுக்குப் பரிந்துரைக்கும் டெட்ஸோன் இடது ஸ்டிக்குக்கு 7849, வலதுக்கு 8689. அதாவது முழு சாய்வில் ஏறத்தாழ கால் பங்கு. ஃபர்ம்வேர் தன் பங்குக்கு நடுப்பகுதியை வெட்டி, கேமும் தன் பங்கை வெட்டினால், நுட்பமான குறிபார்ப்பு நடக்க வேண்டிய தூரம் அத்தனையும் வீணாகிவிடுகிறது. தொலைவில் நிற்கும் எதிரியை ஸ்கோப் வழியாகப் பார்த்துக் குறியை ஒரு விரற்கடை நகர்த்த முயலும்போது, ஒன்று குறி நகராது, அல்லது எதிரியின் தலையைத் தாண்டிப் போய் நிற்கும். கேமின் அமைப்பில் டெட்ஸோனைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகு நிலைமை பாதிக்குமேல் தேறியது. கணினி கேம்களை விற்று இயக்கும் ஸ்டீம் மென்பொருள் வழியாக விளையாடும்போது அதன் கன்ட்ரோலர் அமைப்பிலும் இதைச் செய்யலாம். கருவியின் உள்ளேயே வைக்கப்பட்டதை மட்டும் எந்த அமைப்பாலும் எடுக்க முடியவில்லை. இதைச் சரிசெய்யத் தயாரிப்பாளர் செலவழிக்க வேண்டியது எதுவுமில்லை, சில வரி நிரலை மாற்றினால் போதும் என்பதுதான் என் வருத்தத்தைக் கூட்டுகிறது.

சுற்றளவில் பெரிய குறையில்லை. ஸ்டிக்கை விளிம்போடு ஒட்டிச் சுழற்றும்போது குறி வட்டத்தை ஒட்டியே போகிறது. மூலைகளில் மட்டும் சற்று வெளியே பிதுங்குகிறது.

ஆள்காட்டி விரலால் அழுத்தும் ட்ரிக்கர்கள் இந்தக் கருவியின் மிக நல்ல பாகம். இவையும் ஹால் சென்சாரில் இயங்குபவை. அழுத்தும் தூரம் நீளம். ஸ்பிரிங் மென்மையாகத் தொடங்கிக் கடைசியில் இறுகுகிறது. மழையில் நனைந்த தடத்தில் சக்கரம் வழுக்காதபடி ஆக்ஸிலரேட்டரைக் கால்வாசி, அரைவாசி என்று பிடித்து நிறுத்த முடிகிறது. விசைப்பலகையில் முழுதாக அழுத்து அல்லது விடு என்றே ஓட்டிப் பழகியவருக்கு, கார் பந்தயத்தில் இந்த ஒரு வேறுபாடே கேம்பேட் வாங்கியதற்குப் பலன்.

நான்கு திசைகளுக்கான டி-பேட் வேறு கதை. கூட்டல் வடிவில் ஒரே துண்டாக வார்த்த பிளாஸ்டிக்குக்குக் கீழே ரப்பர் பட்டன்கள் இருக்கின்றன. நடுவில் அதைத் தாங்கும் அச்சு குட்டையாக இருப்பதால், வலப்பக்கம் அழுத்தும்போது கட்டைவிரல் சற்றே கீழே சரிந்தால் கீழ்த்திசையும் சேர்ந்து பதிவாகிறது. சண்டை கேம்களில் கீழ், கீழ்-வலது, வலது என்று உருட்டி அழுத்த வேண்டிய நகர்வு பத்துக்கு ஏழு முறைதான் எனக்கு வந்தது. அந்த வகை கேம்களையே முதன்மையாக ஆடுபவர் இந்தக் கருவியைத் தவிர்ப்பது நல்லது. முகப்பில் உள்ள நான்கு பட்டன்களும் மென்மையான ரப்பர் வகை; அழுத்தம் சீராக இருக்கிறது, அவற்றைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இணைப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்தக் கருவி கேபிள், புளூடூத், 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள் (கணினியின் யுஎஸ்பி துளையில் செருகும் சிறு அலைவாங்கி) என மூன்று வழிகளிலும் வேலை செய்கிறது. எக்ஸ்இன்புட், அதற்கு முந்தைய டைரக்ட்இன்புட், நின்டெண்டோவின் ஸ்விட்ச் என எந்த வகைக் கருவியாகத் தன்னைக் காட்டிக்கொள்வது என்பதற்கு மூன்று முகங்களும் இதற்கு உண்டு. 2005இல் எக்ஸ்பாக்ஸ் 360உடன் வந்த எக்ஸ்இன்புட்டையே இன்றைய பெரும்பாலான கேம்கள் எதிர்பார்க்கின்றன என்பதால் கணினியில் அந்த முகத்தில் வைப்பதே முறை. பட்டன்கள் இடம் மாறித் தெரிந்தால், அல்லது கேம் கருவியைக் கண்டுகொள்ளாவிட்டால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த முகத்தேர்வைத்தான். கருவி பழுது என்று திருப்பி அனுப்பப்படும் கேம்பேடுகளில் சில இந்தக் குழப்பத்தாலேயே திரும்பிப் போகின்றன என்று நினைக்கிறேன். சோதனைப் பலகையில் இரண்டு ட்ரிக்கர்களும் ஒரே கோட்டின் இரு முனைகளாகத் தெரிவதையும் பழுதென்று எண்ண வேண்டாம். எக்ஸ்இன்புட் கருவியைப் பழைய டைரக்ட்இன்புட் வழியாகப் படிக்கும்போது அப்படித்தான் தெரியும். கருவியைச் சாய்ப்பதையும் திருப்புவதையும் உணரும் கைரோ இருப்பதாகப் பெட்டியில் போட்டிருப்பதை நம்பி வாங்குபவர்கள், எக்ஸ்இன்புட்டில் கைரோவுக்கு இடமே கிடையாது, ஸ்விட்ச் முகத்துக்கு மாற்றி ஸ்டீம் போன்ற ஒரு மென்பொருள் வழியாகத்தான் அதைப் பயன்படுத்த முடியும் என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

முதல் வாரத்தில் டாங்கிள் என்னை மிகவும் அலைக்கழித்தது. ஓடிக்கொண்டிருக்கும் பாத்திரம் திடீரென்று நிற்கும். அல்லது விட்ட பிறகும் அரை நொடி ஓடும். கேம்பேடைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகுதான், வெளி ஹார்டு டிஸ்க் செருகியிருந்த யுஎஸ்பி 3.0 துளைக்குப் பக்கத்துத் துளையில் டாங்கிள் இருப்பதைக் கவனித்தேன். யுஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது எழும் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் விழுகிறது என்பது அறியப்பட்ட செய்தி. ஒரு நீட்டிப்பு கேபிளில் டாங்கிளை மேசைமேல் கொண்டுவந்து வைத்த அன்றோடு அந்தத் தொல்லை நின்றது. அந்த நீட்டிப்பு கேபிளைப் பெட்டியிலேயே வைத்துக் கொடுத்திருக்கலாம்.

வினாடிக்கு 1000 முறை நிலையை அனுப்புவதாகப் பெட்டி சொல்கிறது. 125 முறை அனுப்பும் கருவியில் இரண்டு செய்திகளுக்கு இடையே 8 மில்லிவினாடி. 1000 முறை என்றால் ஒன்று. வினாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமில் ஒரு ஃபிரேமே 16 மில்லிவினாடிக்கு மேல் என்பதால், 250க்கு மேலே உள்ள வேறுபாட்டை என் கை உணரவில்லை. டாங்கிளுக்கும் புளூடூத்துக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்தது. தாவிக் குதிக்கும் கேம்களில் புளூடூத்தில் விளிம்பைத் தவறவிட்டு விழுந்த இடங்களில் டாங்கிளில் விழவில்லை.

அதிர்வு மோட்டார்கள் இரண்டும் முரட்டுத்தனமானவை; பாதியாகக் குறைத்து வைத்திருக்கிறேன். விளக்குகளை முதல் நாளே அணைத்துவிட்டேன். பின்புறம் உள்ள இரண்டு கூடுதல் பட்டன்கள் புதிய பட்டன்களாகக் கணினிக்குத் தெரிவதில்லை, முகப்பில் இருப்பவற்றில் ஒன்றின் நகலாகவே அமைகின்றன. ஆனாலும் கட்டைவிரலை வலது ஸ்டிக்கிலிருந்து எடுக்காமலே குதிக்க முடிவதால் எனக்கு அவை பழகிவிட்டன. உடல் சற்றுக் குறுகலானது. என் தம்பியின் பெரிய கைகளுக்கு ஒரு மணி நேரத்திலேயே சுண்டுவிரல் வலிக்கிறது என்கிறான். எனக்கு அப்படி இல்லை.

நான்காம் மாத முடிவில் இடது ஸ்டிக்கின் அடியில் வெண்ணிறத் துகள்கள் படிந்திருந்தன. ஸ்டிக்கின் தண்டு சுற்று வளையத்தில் உரசி உதிரும் பிளாஸ்டிக் தூள் அது. மென்மையான தூரிகையால் துடைத்துவிட்டு, மீண்டும் சோதனைப் பலகையைத் திறந்து, ஸ்டிக்கை எட்டுத் திசையிலும் இழுத்து விட்டுப் பார்த்தேன். எட்டு முறையும் குறி நடுவுக்கே வந்து நின்றது. அந்த நடுவைச் சுற்றிலும் இருக்கும் டெட்ஸோனுக்கு இதில் எவ்வளவு பங்கு, ஸ்பிரிங்குக்கு எவ்வளவு பங்கு என்பதைப் பிரித்துச் சொல்ல ஃபர்ம்வேர் இடம் கொடுக்கவில்லை. பழைய கேம்பேடில் தானாக ஒதுங்கிய கார் இதில் நேராகப் போகிறது.