திருநெல்வேலி அரசறிவியல் வகுப்பு: ஒரு பெற்றோரின் மதிப்பீடு

உயர்தரத்தில் அரசறிவியல் கற்கும் என் மகளை யாழ்ப்பாணம் திருநெல்வேலியிலுள்ள ஒரு தனியார் கல்வி நிலையத்தில் சேர்த்து எட்டு மாதங்களாகின்றன. பிரசாவுரிமைப் பாடங்களுக்காகவே இவ்வகுப்பை மனமாரப் பரிந்துரைப்பேன். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தைக் கற்பித்த அன்று, ஆசிரியர் ஒவ்வொருவரையும் தத்தம் வம்சாவளியை எழுதி வரச் சொன்னார். தந்தை, இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்ததாக நிறுவ வேண்டுமென்ற நிபந்தனை மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை எவ்வாறு நாடற்றவர்களாக்கியது என்பது, பூட்டனின் பிறப்புப் பதிவைத் தேடி எங்கள் றங்குப்பெட்டியைக் கிளறியும் வெறுங்கையோடு எழுந்த என் மகளுக்கு அன்றிரவே விளங்கிவிட்டது.

அடிப்படை உரிமைகளையும் மூலவாசகத்தைக் கையில் கொடுத்தே படிப்பிக்கிறார். 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12(1) ஆம் உறுப்புரை எல்லா ஆட்களையும் சட்டத்தின் முன் சமமாக்க, 14 ஆம் உறுப்புரையின் பேச்சுச் சுதந்திரமோ பிரசைகளுக்கே உரியதென்ற வேறுபாட்டையும், மீறல் நிகழ்ந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யவேண்டுமென்ற 126 ஆம் உறுப்புரையின் கால எல்லையையும் அவள் இப்போது எனக்கே விளக்குகிறாள்.

பொதுக் கொள்கைப் பகுதிதான் ஏமாற்றமளித்தது. மங்கிய போட்டோக் கொப்பிக் குறிப்புகளோடு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிட்டார்கள். 2016 ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பமேனும் எழுதிப் பழக்கியிருக்கலாம்.

கட்டணம் நியாயமானது. தகரக் கூரையின் கீழ் நெருங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு நான்கு மின்விசிறிகள் போதா.