பைத்தான் பயிலரங்கில் சேருமுன் ‘தமிழ்’ என்ற சொல்லைக் கொடுத்துப் பாருங்கள்

இலக்கிய ஆய்வாளர்களுக்கென்றே நடத்துவதாகச் சொன்ன மூன்று நாள் பைத்தான் (கணினி நிரல் மொழி) பயிலரங்கு ஒன்றில் கட்டணம் கட்டிப் படித்த மாணவியின் சொல்லடைவு (எந்தச் சொல் எத்தனை முறை வந்தது என்ற பட்டியல்) இது: ‘தமிழ்’ என்ற சொல்லே அதில் இல்லை. ‘தம’ ஒரு வரியில், ‘ழ’ இன்னொரு வரியில். இந்த எண்ணிக்கையை நம்பி ஆய்வேட்டில் ஓர் இயலே எழுதிவிட்டார்.

அங்கே கொடுத்தது ஆங்கிலத்துக்கு எழுதிய நிரல். பைத்தானோடு வரும், சொற்களைத் தேடிப் பிரிக்கும் ‘ரீ’ (re) நூலகத்தில் பேக்ஸ்லாஷ்-டபிள்யூ (\w) என்று போட்டால் எழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே சிக்கும். நம் உயிர்க்குறிகளும் புள்ளியும் அதன் கணக்கில் எழுத்தே இல்லை. அவை வரும் இடமெல்லாம் சொல் வெட்டுப்படும். பிழைச்செய்தி ஒன்றும் வராது, அதுதான் ஆபத்து. யூனிகோடில் (எழுத்துக்கு எண் தரும் உலகப் பொதுமுறை) தமிழுக்கு உள்ள 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரையான வீச்சைக் கொடுத்துப் பிரித்தால் சொல் முழுசாக வரும். சொற்களை எண்ணித் தரும் சைகிட்-லேர்ன் நூலகத்தின் கவுண்ட்வெக்டரைசரிலும் டோக்கன் பேட்டர்னை (சொல்லைப் பிரிக்கும் விதியை) மாற்றாமல் ஓட்டினால் இதே கதிதான்.

அடுத்தது ‘கொ’. அதன் ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் இருக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. இரண்டும் கலந்த கோப்பில் ‘கொடி’யைத் தேடினால் ஒரு வகை மட்டுமே அகப்படும். எண்ணத் தொடங்குமுன் எல்லாவற்றையும் என்எஃப்சி முறைக்கு (இரண்டாக இருப்பதை ஒரே குறியீடாக்கும் முறை) நார்மலைஸ் செய்ய வேண்டும். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்புகளுக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள்தாம். அவற்றை முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். பயிலரங்கில் இவற்றைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. பயிற்சி முடிந்ததும் நிரல் இருந்த கோலாப் (கூகுளின் இணையவழிப் பைத்தான் ஏடு) இணைப்பையும் மூடிவிட்டார்கள். எந்தப் பயிற்சியானாலும் முதல் நாளே உங்கள் டிரைவில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.

பணம் கட்டுமுன் பயிற்றுநரிடம் ‘தமிழ்’ என்பதன் நீளத்தை லென் (நீளம் காட்டும் கட்டளை) போட்டுக் காட்டச் சொல்லுங்கள். 5 வரும். ஏன் 3 இல்லை என்று கேளுங்கள். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று பிரித்துச் சொல்ல வேண்டும். ஓப்பன்-தமிழ் நூலகத்தில் 3 எழுத்தாக எண்ணிக் காட்டவும் தெரிய வேண்டும். அகரவரிசையில் அடுக்கச் சொல்லியும் பாருங்கள். வெறும் சார்ட்டட் (வரிசைப்படுத்தும் கட்டளை) போட்டால், கடைசியில் வர வேண்டிய ன, ந-வுக்கு அடுத்தே வந்து நிற்கும். இதற்குப் பதில் இல்லாதவரிடம் தமிழ்த் தரவைக் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே எண்ணி முடித்தவர்கள் பட்டியலைத் திறந்து புள்ளி வைத்த எழுத்தைத் தேடுங்கள். ஒன்றுகூட இல்லையென்றால் முதலிலிருந்து எண்ணியாக வேண்டும்.