11 ஸ்லைடு காட்டி 5 ஸ்லைடு ஓட்டுகிறார்கள்: இன்டோர் வாட்டர் பார்க் புக் பண்ணும் முன் படியுங்கள்

அமெரிக்காவில் டிசம்பர் விடுமுறைக்கு இன்டோர் வாட்டர் பார்க் ரிசார்ட் போகலாம் என்று இருப்பவர்கள், கார்டு நம்பரைத் தட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். 1994-ல் விஸ்கான்சின் டெல்ஸ் ஊரில் ஒரு ஹோட்டல், பனிக்காலத்திலும் அறைகள் நிரம்ப வேண்டும் என்று கூரைக்கு அடியில் வாட்டர் பார்க் கட்டியது. அன்றைக்குப் போட்ட கணக்குதான் இன்றைக்கும். அவர்கள் விற்பது அறை; ஸ்லைடு, அதாவது தண்ணீர்ச் சறுக்கு, தூண்டில் புழு. அறை விற்றுவிட்ட பிறகு ஸ்லைடு ஓடுகிறதா இல்லையா என்பது உங்கள் கவலை.

இந்தக் குளிர்காலத்தில் ஒரு குடும்பத்துக்கு வந்த பில் இது. நான்கு பேர், சனிக்கிழமை ஒரு இரவு. விளம்பரத்தில் 249 டாலர். கடைசிப் பக்கத்தில் 'ரிசார்ட் கட்டணம்' 49 ஏறியது. வரி 35.76 சேர்ந்து 333.76. உள்ளே போனால் லாக்கர் 18. மறுநாள் செக்-அவுட்டில், இரண்டு குளியல் துண்டு திரும்பி வரவில்லை என்று 30. குழந்தைகள் கையில் கட்டிய ரிஸ்ட்பேண்ட் அறைக் கணக்கோடு இணைந்திருந்ததால், காசு கொடுத்து ஆடும் விளையாட்டுக் கூடமான ஆர்கேடில் அவர்கள் தட்டிய தட்டலுக்கெல்லாம் சேர்த்து 60. ஆக 441.76. கடைசி இரண்டையும் நாமே தடுக்கலாம். செக்-இன் செய்யும்போதே 'குழந்தைகள் பேண்டில் செலவு வசதி வேண்டாம்' என்று சொன்னால் எடுத்துவிடுவார்கள். துண்டைத் திருப்பிக் கொடுக்கும்போது எண்ணிக் கொடுத்து, எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ஆனால் அந்த 49 டாலர் விஷயம் வேறு.

2025 மே 12 முதல் எஃப்.டி.சி. எனப்படும் மத்திய வணிக ஆணையத்தின் விதி நடைமுறையில் இருக்கிறது. ஹோட்டல் அறையின் விலையை எங்கே காட்டினாலும், கட்டாயக் கட்டணம் அத்தனையும் சேர்ந்த தொகையைத்தான் காட்ட வேண்டும். அரசாங்க வரியை மட்டும் பிறகு சேர்க்கலாம். 249 என்று பெரிதாகப் போட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்தில் 49 ஏற்றுவது இந்த விதிக்கு எதிரானது. அதனால் விலை தெரியும் முதல் பக்கத்தையும், பணம் கட்டும் கடைசிப் பக்கத்தையும் தேதி, நேரம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஸ்லைடு பட்டியல் இருக்கும் பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். ஏன் என்று அடுத்து சொல்கிறோம்.

அந்தக் குடும்பம் பார்த்த இணையப் பக்கத்தில் இருந்தது 11 ஸ்லைடு. அன்று ஓடியது 5. காலடித் தளம் திறந்து ஆளை நேராகக் கீழே விடும் லூப் ஸ்லைடு நாள் முழுக்க மூடல். தண்ணீரின் வேகத்தால் டியூபை மேட்டில் ஏற்றும் வாட்டர் கோஸ்டரும் மூடல். நான்கு பேர் டியூபில் இறங்கும் ராட்சதப் புனல் மதியம் 2 முதல் 5 வரை மட்டும். கேட்டால் 'ரொட்டேஷன்' என்றார்கள். அதாவது முறை வைத்து ஓட்டுகிறார்களாம். முன்பதிவில் எங்கேயும் அந்த வார்த்தை இல்லை. 'வசதிகள் மாறுதலுக்கு உட்பட்டவை' என்ற வரி மட்டும் எறும்பு எழுத்தில் இருந்தது.

ரொட்டேஷன் என்றால் பெரும்பாலும் ஆள் பற்றாக்குறை. ஒரு பெரிய ஸ்லைடுக்கு மேலே அனுப்பி வைக்க ஒருவர், கீழே வந்து விழும் குளத்தில் ஒருவர் என்று குறைந்தது இரண்டு பேர் வேண்டும். அவர்களை மாற்றிவிடவும் ஆள் வேண்டும். ஆறு பேர் வேலைக்கு வராவிட்டால் மூன்று ஸ்லைடு நிற்கும். அலைக்குளத்துக்கும் சின்னக் குழந்தைகள் பகுதிக்கும் ஆள் குறைக்க முடியாது என்பதால் முதலில் மூடுவது பெரிய ஸ்லைடுகளைத்தான். அதாவது, எதன் படத்தைப் போட்டு விற்றார்களோ அதை. மேட்டில் ஏற்றும் கோஸ்டர் இன்னொரு தலைவலி. ஒவ்வொரு மேட்டுக்கும் தண்ணீரைப் பீய்ச்சப் பம்ப் வேண்டும். ஒன்று படுத்தாலும் டியூப் பாதி மேட்டில் நின்றுவிடும் என்பதால் மொத்தமாக மூடிவிடுவார்கள்.

மூடிய ஸ்லைடுகளின் கூட்டமெல்லாம் ஓடுகிற ஸ்லைடுக்கு வரும். இங்கே கூட்டல் கழித்தல் போதும். ஒருவர் ஒருவராக இறங்கும் ஸ்லைடில் நிமிடத்துக்கு ஒருவரை அனுப்பினால் மணிக்கு 60 பேர். படிக்கட்டில் 90 பேர் நின்றால் ஒன்றரை மணி நேரம், ஈரத் துணியோடு. வரிசையில் சேரும் முன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஐந்து நிமிடத்தில் எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று எண்ணுங்கள். பலகையில் போட்டிருக்கும் காத்திருப்பு நேரத்தைவிட அதை நம்பலாம்.

நியாயமான மூடலும் உண்டு. குளத்தில் ஒரு குழந்தை மலம் கழித்துவிட்டால் மூடத்தான் வேண்டும். கெட்டியாக இருந்தால், அதை அகற்றிவிட்டு 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) குளோரினில் 25 நிமிடம் போதும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் கணக்கு. வயிற்றுப்போக்கு என்றால் கதை வேறு. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி சாதாரணக் குளோரினில் ஒரு வாரத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். அதைக் கொல்ல 20 பிபிஎம் அளவில் 12 மணி 45 நிமிடம் ஆகும். ஆகவே 'வயிற்றுப்போக்குச் சம்பவம்' என்று மூடிவிட்டு, அரை மணியில் திறந்தால் அந்தத் தண்ணீரில் இறங்காதீர்கள். உங்கள் பிள்ளைக்கு அண்மையில் வயிறு சரியில்லாமல் இருந்திருந்தால், நின்ற பிறகும் இரண்டு வாரம் குளத்துக்குக் கூட்டிப் போகாதீர்கள். இதில் மட்டும் ரிசார்ட்டைக் குறை சொல்ல முடியாது.

அடுத்த ஏமாற்றம் உயரம். பெரிய ஸ்லைடுகளுக்கு வழக்கமான கோடு 48 அங்குலம், அதாவது 122 செ.மீ.; நடுத்தர ஸ்லைடுகளுக்கு 42 அங்குலம். சராசரிக் குழந்தை 7 வயதில்தான் 48-ஐ எட்டும். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அதற்கும் பிறகு. 'எல்லா வயதினருக்கும்' என்ற விளம்பரத்தை நம்பி 5 வயதுப் பிள்ளைக்கும் முழு விலை கொடுத்தால், அது ஏறக்கூடியது வாளி கவிழும் விளையாட்டுக் கோபுரமும் இரண்டு குட்டி ஸ்லைடும்தான். வீட்டிலேயே செருப்பில்லாமல் சுவரோடு நிறுத்தி, தலைமேல் புத்தகம் வைத்து அளந்துவிட்டுப் போங்கள். அங்கே கால் அங்குலத்துக்கும் இரக்கம் கிடையாது, அழுதாலும் கிடையாது. அதில் தப்பும் இல்லை.

எடைக்கும் அப்படித்தான். அதிக எடைக்கு வரம்பு இருப்பது எல்லோருக்கும் தெரியும். லூப் ஸ்லைடில் குறைந்தபட்ச எடையும் உண்டு. மெலிந்தவர் போதிய வேகம் இல்லாமல் வளைவின் உச்சியைத் தாண்டாமல் பின்னுக்குச் சறுக்கி வந்துவிடுவார். குழாயின் பக்கத்தில் இருக்கும் சின்னக் கதவைத் திறந்து ஊழியர் வெளியே எடுக்க வேண்டியிருக்கும். தொளதொள கால்சட்டை போட்டவருக்கும் இதே கதி, துணி வேகத்தைத் தின்றுவிடும். எடை பார்க்கும் மேடை சில இடங்களில் மேல்தளத்தில்தான் இருக்கிறது. வரிசையில் நிற்கும் முன் கீழே இருக்கும் ஊழியரிடம் அளவைக் கேட்டுவிடுங்கள், ஏறின படியெல்லாம் இறங்க வேண்டாம்.

உடை விஷயத்திலும் நம்மவர்கள் வாசலில் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். பருத்திச் சுடிதார், ஜீன்ஸ், உலோக ஜிப் அல்லது ரிவெட் உள்ள எதுவும் ஆகாது. உலோகம் பட்டால் ஸ்லைடின் ஃபைபர்கிளாஸ் மேல்பூச்சில் கீறல் விழும். நைலான் லெக்கிங்ஸும் உடலோடு ஒட்டிய நீச்சல் மேலாடையான முழுக்கை ராஷ் கார்டும் பெரும்பாலும் பிரச்சினை இல்லை, ஆனாலும் முன்பே கேட்டு மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். இல்லையென்றால் அங்கேயுள்ள கடையில் இரண்டு மடங்கு விலையில் வாங்க வைப்பார்கள். தாலிச் சங்கிலி, வளையல், மெட்டி, பிள்ளையின் அரைஞாண் எல்லாவற்றையும் அறைப் பெட்டகத்தில் வைத்துவிட்டு வாருங்கள். டியூபின் கைப்பிடியில் சங்கிலி மாட்டினால் அறுவது சங்கிலியா கழுத்தா என்பது அந்த நொடியின் கையில். தண்ணீரில் விழுந்த நகைக்கு ரிசார்ட் பொறுப்பேற்காது.

ஸ்லைடு என்பது ஒரே குழாய் இல்லை, துண்டு துண்டாக இணைத்தது. இணைப்பு இடைவெளியை அடைத்திருக்கும் ரப்பர் போன்ற பசை காலப்போக்கில் உரிந்து, ஒரு பக்க விளிம்பு நகத்தளவு தூக்கிக்கொள்ளும். அதில்தான் முதுகும் முழங்கையும் சிராய்க்கின்றன. ஏறும் இடத்தில் முதல் இணைப்பைக் கட்டைவிரலால் தடவிப் பாருங்கள். விளிம்பு தட்டினால் மற்ற இணைப்புகளின் லட்சணமும் அதுதான். டியூப் இல்லாத ஸ்லைடில் கணுக்காலைக் குறுக்கே போட்டு, கைகளை மார்பில் கட்டி, தோள்பட்டையும் குதிகாலும் மட்டும் படுகிற மாதிரி படுத்தால் சிராய்ப்பு குறையும். உட்கார்ந்து போனால் கட்டாயம் வாங்குவீர்கள்.

உள்ளே நுழைந்ததும் மூக்கைத் துளைக்கும் 'குளோரின் வாசனை' சுத்தத்தின் அடையாளம் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாகும் குளோரமைனின் நெடி அது. தண்ணீர் தெறிக்கும் இடங்களில் அது காற்றில் கலந்து, கண்ணை எரித்து இருமலைக் கிளப்பும். 2007-ல் ஒஹையோவில் ஒரு இன்டோர் வாட்டர் பார்க்கின் லைஃப்கார்டுகளுக்கு இப்படி நேர்ந்தபோது, மத்திய அரசின் பணியிட சுகாதார ஆய்வு நிறுவனம் போய்ச் சோதித்து, குளத்தோரத்தில் காற்றோட்டம் போதவில்லை என்பதைச் சுட்டிக்காட்டியது. ஆஸ்துமா உள்ள பிள்ளை என்றால் நெடி அடிக்கும் இடத்தில் நிற்கவே வேண்டாம். சோதனைப் பட்டை சில டாலருக்குக் கிடைக்கும். முழங்கை ஆழத்தில் நனைத்துப் பாருங்கள்: குளத்தில் குளோரின் குறைந்தது 1 பிபிஎம், வெந்நீர்த் தொட்டியான ஹாட் டப்பில் 3, அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச் 7.0-க்கும் 7.8-க்கும் நடுவில். மொத்தக் குளோரினிலிருந்து, எதோடும் சேராத தனிக் குளோரினைக் கழித்தால் 0.4-க்கு மேல் வந்தால் தண்ணீர் களைத்துப் போயிருக்கிறது. படம் எடுத்து அந்தக் கவுண்டியின் சுகாதாரத் துறைக்கு அனுப்புங்கள்.

ஸ்லைடு ஓடவில்லை என்றால் முன்கவுண்டரில் அன்றே சொல்லி, எழுத்தில் பதில் கேளுங்கள். மூடிய வாசலையும் பக்கத்தில் தெரியும் கடிகாரத்தையும் ஒரே படத்தில் எடுங்கள். 'அடுத்த முறை 25 சதவீதம் தள்ளுபடி' என்பார்கள். அதை ஏற்றுக்கொண்டதாக மின்னஞ்சல் போனால் பிறகு பணம் கேட்பது கஷ்டம். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் சட்டம் துணைக்கு வரும். ஆனால் அந்தச் செலவு வந்த முதல் ஸ்டேட்மென்ட் அனுப்பிய நாளிலிருந்து 60 நாளுக்குள், 'சொன்ன சேவை கிடைக்கவில்லை' என்று கார்டு நிறுவனத்துக்கு எழுத்தில் அனுப்ப வேண்டும். போனில் சொன்னது கணக்கில் வராது. டெபிட் கார்டுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, அதனால் இந்த மாதிரி முன்பதிவுக்கு அதைத் தொடாதீர்கள்.

மேலே சொன்ன குடும்பம் இரண்டு ஸ்கிரீன்ஷாட்டையும் இணைத்து அனுப்பியது. ரிசார்ட் கட்டணம் 49 டாலரும் அதற்கான வரியும் சேர்த்து 54 டாலர் 88 சென்ட் திரும்பி வந்தது. ஓடாத ஆறு ஸ்லைடுக்கு ஒரு சென்ட்டும் வரவில்லை. ஸ்லைடு பட்டியல் இருந்த பக்கத்தை அவர்கள் படம் எடுத்து வைத்திருக்கவில்லை.