மருத்துவர் கண்காணிப்பில் மிகக் குறைந்த கலோரி உணவுமுறை: சில ஆண்டுகளுக்குப் பின் எழுதும் அனுபவம்

வழக்கமான உணவு முழுவதையும் நிறுத்திவிட்டு, புரதமும் வைட்டமின்களும் தாதுக்களும் அளவாகச் சேர்க்கப்பட்ட ஷேக், சூப் ஆகியவற்றைக் கொண்டு நாள் ஒன்றுக்கு 800 கலோரிக்கு மிகாமல் சில வாரங்கள் இருப்பதே இந்த உணவுமுறை. நான் இதை முடித்துச் சில ஆண்டுகள் ஆகின்றன. எடை இறங்கிக்கொண்டிருந்த நாட்களிலேயே எழுதியிருக்கலாம். ஆனால் இறங்கியதில் எவ்வளவு நிலைத்தது என்று தெரியாமல் எழுதுவதில் பயனில்லை என்று தோன்றியதால் காத்திருந்தேன்.

எனக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் உயர் ரத்த அழுத்தமும் இருந்தன; உடல் நிறைக் குறியீடு 30ஐத் தாண்டியிருந்தது. பொடியைக் கையில் கொடுப்பதற்கு முன்பே சிறுநீரகம், கல்லீரல், யூரிக் அமிலம், சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனைகளும் ஈசிஜியும் எடுக்கப்பட்டன. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், உணவு உண்பதில் மனநலச் சிக்கல் உள்ளவர்கள் ஆகியோருக்கு இது பொருந்தாது என்பதை மருத்துவர் முதல் சந்திப்பிலேயே ஒவ்வொன்றாகக் கேட்டு உறுதி செய்துகொண்டார்.

ஈசிஜி எதற்கு என்று அப்போது வியந்தேன். 1970களில் அமெரிக்காவில் திரவப் புரத உணவுகள் பரவலாக விற்பனையானபோது, தரம் குறைந்த கொலாஜன் புரதத்தை மட்டுமே நம்பி உடல் இளைத்தவர்களில் பலர் இதயத் துடிப்புக் கோளாறால் இறந்தார்கள் என்ற செய்தியைப் பின்னர் படித்தபோதுதான் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது.

கண்காணிப்பு என்பது என்ன என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது மாத்திரைகளைப் பற்றித்தான். மாவுச்சத்து திடீரென்று குறையும்போது, இன்சுலினும் இன்சுலினைச் சுரக்கத் தூண்டும் மாத்திரைகளும் பழைய அளவிலேயே தொடர்ந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் வகை மாத்திரைகளோ, உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் மிகுந்து ரத்தம் அமிலமாகும் நிலைக்கு இட்டுச்செல்லக் கூடும். ரத்த அழுத்தமும் சில நாட்களிலேயே இறங்கத் தொடங்கும். என் சர்க்கரை மாத்திரைகள் தொடக்க நாளிலேயே நிறுத்தப்பட்டன. அழுத்த மாத்திரை வீட்டில் நான் எடுத்த அளவீடுகளைப் பார்த்துப் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. பொடியை யார் வேண்டுமானாலும் வாங்கிவிடலாம். எந்த மாத்திரையை எந்த நாளில் நிறுத்துவது என்பது டப்பாவின் மேல் எழுதப்பட்டிருக்காது.

முதல் வாரத்தில் எடை மிக வேகமாக இறங்கும்; அதில் மகிழ அதிகம் இல்லை. கல்லீரலிலும் தசையிலும் சேர்ந்திருக்கும் கிளைகோஜன் என்னும் சேமிப்பு மாவுச்சத்து கரையும்போது, அதனோடு பிணைந்திருக்கும் நீரும், அதன் எடையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு, வெளியேறிவிடுகிறது. தலைவலியும் சோர்வும் அந்த நாட்களில்தான் வாட்டின. கீட்டோன் உருவாகத் தொடங்கிய பிறகு பசி நான் எதிர்பார்த்ததைவிட அடங்கியது. மெல்லுவதற்கு எதுவும் இல்லை என்பதுதான் பசியைவிடக் கடினமாக இருந்தது. வாய் நாற்றம், எப்போதும் குளிர்வது போன்ற உணர்வு, எழுந்து நிற்கும்போது தலைசுற்றல், மலச்சிக்கல் எல்லாம் வந்தன. தினமும் 2 லிட்டருக்குக் குறையாமல் நீர் அருந்தியதும், மருத்துவர் அனுமதித்த நார்ச்சத்துப் பொடியும் ஓரளவு உதவின. முடி உதிர்வு மட்டும் தாமதமாக, உணவுமுறை முடியும் தறுவாயில் வந்தது. சில மாதங்களில் தானாகவே சரியானது.

பித்தப்பைக் கல் பற்றி யாரும் போதிய அளவு பேசுவதில்லை. எடை வேகமாகக் குறையும்போது பித்தநீரில் கொலஸ்ட்ரால் மிகுகிறது; உணவில் கொழுப்பே இல்லையென்றால் பித்தப்பை சுருங்கி விரிய வேலையில்லாமல் பித்தநீர் தேங்குகிறது; இரண்டும் சேர்ந்தால் கல் உருவாக வாய்ப்பு கூடுகிறது. நாளில் ஒரு வேளையாவது சில கிராம் கொழுப்பு இருக்க வேண்டும் என்று மருத்துவர் வற்புறுத்தியது இதனால்தான். முன்னரே கீல்வாதம் உள்ளவர்கள் யூரிக் அமிலம் உயர்வதையும் கவனத்தில் கொள்ள வேண்டும்.

பன்னிரண்டு வாரங்களுக்கு மேல் தொடர்ந்து இதில் இருக்கக் கூடாது என்பது பொதுவான வழிகாட்டுதல். அதன் பின் சில வாரங்களில் ஒவ்வொரு வேளையாகத் திட உணவுக்குத் திரும்ப வேண்டும். இந்தக் கட்டத்தைப் பலரும் விடுதலையாகக் கருதுகிறார்கள். என் அனுபவத்தில் முழுச் சிகிச்சையிலும் மிகக் கடினமானது இதுவே. ஷேக் குடித்த வாரங்களில் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை, ஆகவே தவறவும் வழியில்லை. இப்போதோ ஒவ்வொரு வேளையும் ஒரு முடிவு. அதுவும் இளைத்த உடலுக்கு முன்னைவிடக் குறைந்த ஆற்றலே போதும் என்ற நிலையில், பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் கூடியிருக்கும் நேரத்தில். உணவியல் நிபுணரைச் சந்திப்பதை எடை குறைந்ததும் நிறுத்திவிடாமல் அதன் பிறகுதான் அடிக்கடி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

பிரிட்டனில் மருத்துவப் பேராசிரியர்கள் ராய் டெய்லரும் மைக் லீனும் தலைமையேற்று, இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளிடம் இது போன்ற உணவுமுறையைச் சோதித்த டைரக்ட் ஆய்வு 2017இல் வெளியானது. 800க்குச் சற்று மேலான கலோரியைக் கொண்ட அந்தத் திட்டத்தில், ஓராண்டு முடிவில் 46 சதவீதத்தினருக்கு மருந்தின்றிச் சர்க்கரை கட்டுக்குள் வந்திருந்தது. 15 கிலோ அல்லது அதற்கு மேல் குறைத்தவர்களில் அது 86 சதவீதம். இரண்டாம் ஆண்டு முடிவில் மொத்த விகிதம் 36 ஆகக் குறைந்தது. அந்தச் சரிவுக்குள் நானும் பாதி இருக்கிறேன் என்று சொல்லலாம்: குறைத்த எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு திரும்பி வந்துவிட்டது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) இன்னும் 6.5 சதவீதத்துக்குக் கீழே, மாத்திரை இல்லாமல் நிற்கிறது. ரத்த அழுத்தத்துக்குக் குறைந்த அளவில் ஒரு மாத்திரை மீண்டும் சேர்ந்துள்ளது.

இப்போது ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனையும் விழித்திரைப் பரிசோதனையும் தொடர்கின்றன. சர்க்கரை இயல்பாக இருந்தாலும் இவற்றை விடக் கூடாது என்பது மருத்துவரின் கண்டிப்பு. எடை 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அவரிடம் தெரிவித்துவிட்டு, அவர் சொல்லும் காலத்துக்கு மட்டும் ஒரு வேளை உணவுக்குப் பதிலாக ஷேக்கை எடுத்துக்கொள்கிறேன்.