திருநின்றவூர்ப் பக்கம் ஒரு சிறுவிடைப் பண்ணை: ஒன்றரை வருட அனுபவம்

கொளத்தூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் தரை இருக்கிறது. ஒரு முருங்கை மரம், கோழியை மூடி வைக்க ஒரு பஞ்சாரக் கூடை, சிறுவிடை என்கிற சின்ன உடம்பு நாட்டுக்கோழியில் மூன்று பெட்டை, ஒரு சேவல். தனிக் கூண்டில், அழகுக்கென்றே வளர்க்கும் கிளிமூக்குக் கோழி ஒரு ஜோடி. சிறுவிடை நான்கையும் திருநின்றவூரைத் தாண்டி உள்ளே ஒரு கிராமத்தில் கணவனும் மனைவியும் நடத்தும் சின்னப் பண்ணையில் வாங்கினேன். கோழி வாங்கிய மறுநாளே எழுதினால் எதுவும் தெரியாது என்றுதான் இத்தனை நாள் பொறுத்திருந்தேன்.

கிளிமூக்கு ஜோடி அதற்கு முன்பே வேறொருவரிடம் ஏழாயிரம் கொடுத்து வாங்கியது. தாயும் தகப்பனும் கண்காட்சியில் பரிசு வாங்கியவை என்றார். அழகில் குறையே சொல்ல முடியாது. கிளி போல வளைந்த குட்டை மூக்கு, வெள்ளைக் கண், தரையைத் தொடும் வால். முட்டையும் குஞ்சும்தான் எனக்கு வேண்டும் என்று தெளிவாகச் சொன்னேன். "எல்லாம் நல்லா வரும்மா" என்றார். பெட்டை பதினொரு முட்டை இட்டு அடைக்கு உட்கார்ந்தது. மூன்றரை கிலோ உடம்பு, ஏறி இறங்கும்போதே ஐந்து முட்டையை மிதித்து உடைத்துவிட்டது. மீதியில் பொரிந்தது ஒன்றே ஒன்று. கிளிமூக்கு வளர்ப்பவர்கள் பலரும் அதன் முட்டையை எடுத்துச் சிறுவிடைக்கு அடியில் வைத்துத்தான் பொரிக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தக் கோழி மேல் எனக்குக் கோபம் இல்லை. மூக்குக்கும் வாலுக்கும் என்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த இனம் அது. விற்றவர் அதை மறைத்ததுதான் இன்னும் ஆறவில்லை.

திருநின்றவூர் அக்கா கேட்ட முதல் கேள்வியே "எதுக்கு வளர்க்கப் போறீங்க?" என்பதுதான். அவர்களிடமும் கிளிமூக்கு இருக்கிறது, அதற்குத் தனி அடைப்பு. நான் சொன்னதைக் கேட்டதும் அந்தப் பக்கம் கூட்டிப்போகவே இல்லை. ஒரு கீரி நிறப் பெட்டையைப் பிடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, வால் பக்கத்து இறகை விரலால் பிரித்து வாயால் ஊதிக் காட்டினார். தோல் பளிச்சென்று இருந்தது, ஒரு பேன் இல்லை. நெஞ்செலும்பைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அப்புறம் அதன் தாயிடம் கூட்டிப்போனார். பஞ்சாரத்துக்குள் ஒன்பது குஞ்சுகளோடு இருந்தது. கையை நீட்டியதும் உடம்பெல்லாம் சிலிர்த்துக்கொண்டு மணிக்கட்டில் ஒரு கொத்து! "இது கொத்தலேன்னா இதோட பொண்ண உங்களுக்குக் குடுத்திருக்க மாட்டேன்" என்றார்.

பள்ளிக்கூட நோட்டு ஒன்று வைத்திருக்கிறார். கீரி, செவலை, கருப்பு என்று ஒவ்வொரு பெட்டைக்கும் ஒரு பக்கம். எத்தனை முட்டை வைத்தது, எத்தனை பொரிந்தது, இரண்டு மாதம் தாண்டி எத்தனை நின்றது. கூடப் பிறந்தவையே இணை சேராமல் இருக்க, வருடத்துக்கு ஒருமுறை வேறு ஊரிலிருந்து சேவல் மாற்றுகிறார்கள். அமெரிக்காவில் 1874-லேயே கோழி இனங்களுக்குத் தர அளவு அச்சிட்டுவிட்டார்கள். அங்கே கால்நடை இனங்களைக் காக்கும் ஓர் அமைப்பின் வரையறைப்படி, ஒரு கோழியைப் பாரம்பரிய இனம் என்று விற்க அந்த அளவு மட்டும் போதாது. தானாக இணை சேர வேண்டும், பெட்டை ஐந்து முதல் ஏழு வருடம் பலன் தர வேண்டும், 16 வாரத்துக்கு முன் கறி எடைக்கு வந்துவிடக் கூடாது. சிறுவிடைக்கு மார்க் போடும் நடுவரை எந்தக் கண்காட்சியிலும் நான் பார்த்ததில்லை. இந்த நோட்டைத்தான் பார்த்தேன், எனக்கு அது போதும்.

பெட்டை 550 ரூபாய், சேவல் 600. முதல் அடையில் பன்னிரண்டு முட்டை வைத்தேன். 21-ஆம் நாள் பத்து பொரிந்தது. ஒன்றைக் காக்கை தூக்கிப் போனது, மற்ற ஒன்பதும் வளர்ந்தன. வெள்ளைக்கழிச்சல் நோய் வராமல் இருக்க, குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்து, எட்டாவது வாரம் ஊசி என்று அக்கா சீட்டில் எழுதிக் கொடுத்தார், நாள் நெருங்கியதும் போன் செய்து ஞாபகமும் படுத்தினார். போன சித்திரையில் எங்கள் தெருவில் வெள்ளைக்கழிச்சல் வந்து இரண்டு வீட்டுக் கோழிகள் மொத்தமும் போயின. எங்களுடையது ஒன்றும் சாகவில்லை.

குறை என்றால், ஞாயிறு காலை மட்டும்தான் விற்பனை. வீட்டுக்குக் கொண்டுவந்து தரமாட்டார்கள். வில்லிவாக்கத்தில் ரயில் ஏறி, இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியோடு திரும்ப வேண்டும். இன்குபேட்டர் வைப்பதில்லை என்பதால் சொல்லிவைத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும், நிறம் கேட்டால் இன்னும் தள்ளிப்போகும். சரி, காத்திருக்கலாம். தாம்பரத்தில் இருக்கும் தங்கைக்கும் இரண்டு பெட்டை சொல்லிவைத்திருக்கிறேன்.

இப்போது கீரிப் பெட்டைக்கு அடியில் கிளிமூக்கு முட்டை நான்கு வைத்திருக்கிறேன். டார்ச் அடித்துப் பார்த்ததில் மூன்றில் கரு தெரிந்தது. வருகிற வியாழக்கிழமை 21-ஆம் நாள்.