சின்ன அமைப்புக்கு எந்த நிதி ஒத்துவரும்: அரசு மானியமா, அறக்கட்டளையா, மாதச் சந்தாவா?

மானிய அறிவிப்பு ஒன்று வந்தால் எல்லோரும் தொகையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது மூன்று விஷயம். பணம் வேலைக்கு முன்னால் வருமா, பின்னால் வருமா? அதில் சம்பளம் கொடுக்க விடுவார்களா? கணக்கு ஒப்படைக்க எவ்வளவு உழைப்பு போகும்? நாலைந்து பேர் சேர்ந்து நடத்துகிற அமைப்பைத் தூக்கி நிறுத்துவதும் கவிழ்ப்பதும் இந்த மூன்றுதான்.

அரசு மானியத்திலிருந்து தொடங்கலாம். தொகை பெரிது, விதிகள் எழுத்தில் இருக்கும், யாரையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இதெல்லாம் உண்மையான பலம். ஆனால் பல திட்டங்களில் முதலில் நீங்கள் செலவு செய்ய வேண்டும், பில்லைக் காட்டிய பிறகுதான் பணம் வரும். நாங்கள் மாலை நேரப் படிப்பு மையம் நடத்தியபோது அப்படி ஒரு திட்டத்தில் தேர்வானோம், அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை, ஏனென்றால் இந்த விதி ஒப்பந்தத்தின் ஒன்பதாவது பக்கத்தில் இருந்ததை நாங்கள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கவனித்தோம். மேசை, பெஞ்சு, ஆசிரியர் ஊதியம் எல்லாம் மூன்று பேருடைய சேமிப்பிலிருந்து போனது. பெஞ்சு வாங்கிய பில்லில் கடைக்காரர் தேதி போட மறந்திருந்தார். அந்த ஒரு பில்லுக்காக மொத்தக் கோப்பும் திரும்பி வந்து, பணம் கைக்கு வர ஏழு மாதம் ஆனது. மூவரில் ஒருவர் கொடுத்தது மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம். இன்றைக்கு நினைத்தாலும் மனசு கனக்கிறது.

அதற்காக அரசு மானியமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கையிருப்பில் ஆறு மாதச் செலவுக்குப் பணமும், கணக்கெழுதத் தெரிந்த ஒருவரும் இருந்தால் தாராளமாகப் போகலாம். வாடகை, மின்சாரம், கணக்கெழுதுதல் மாதிரியான நிர்வாகச் செலவையும் இப்போது சில அரசுகள் ஓரளவு ஒத்துக்கொள்கின்றன. அமெரிக்க மத்திய அரசு மானியங்களில், தனியாகக் கணக்குக் காட்டாமலே இதற்குக் கேட்கக்கூடிய அளவு 10 சதவீதமாக இருந்தது, 2024 அக்டோபரில் அதை 15 ஆக உயர்த்தினார்கள். உங்கள் நாட்டுத் திட்டத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள், இருந்தால் கூச்சப்படாமல் முழு அளவையும் கேளுங்கள்.

தனியார் அறக்கட்டளைகள் பெரும்பாலும் தவணையாக முன்கூட்டியே தருகின்றன. சின்ன அமைப்புக்கு இது பெரிய ஆறுதல். இங்கே சிக்கல் போட்டிதான். மெக்கன்சி ஸ்காட் என்கிற அமெரிக்கக் கொடையாளர் சமூக அமைப்புகளுக்காக 2023ல் அமெரிக்காவில் பொது அழைப்பு விட்டபோது 6,353 அமைப்புகள் விண்ணப்பித்தன, 2024 மார்ச்சில் 361 அமைப்புகளுக்குக் கிடைத்தது. இத்தனைக்கும் அந்த அழைப்பு ஆண்டுக்கு பத்து லட்சம் டாலருக்குக் குறையாமல் செலவு செய்கிற அமைப்புகளுக்கு மட்டும்தான். ஆனால் அந்தப் பணத்தை இன்னதுக்குத்தான் செலவழிக்க வேண்டும் என்ற கட்டு இல்லை. அப்படித் தருகிறவர்கள் எங்கே இருந்தாலும் அவர்கள் வாசலில் நாலு தடவை நிற்பதில் தப்பில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது வட்டார அளவிலான சமூக அறக்கட்டளைகளைத்தான். ஒரு பகுதியில் பலர் கொடுத்ததை ஒன்றாகச் சேர்த்து அங்கேயே பிரித்துக் கொடுக்கும் இந்த முறையில் 1914ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் தொடங்கியதுதான் முதல் அமைப்பு. இப்போது பல நாடுகளில் இருக்கின்றன. தொகை சின்னது, விண்ணப்பமும் பெரும்பாலும் சின்னது, முடிவெடுப்பவர் உங்கள் வேலையை நேரில் வந்து பார்க்க முடியும். அங்கே வாங்கிய முதல் மானியத்தை ஒழுங்காக முடித்துக் காட்டினால், அடுத்த விண்ணப்பத்தில் எழுத உங்களுக்கு ஒரு வரலாறு கிடைத்துவிடும்.

தூதரக உதவிகளும் உண்டு. ஜப்பான் 1989ல் தொடங்கிய அடித்தட்டு மக்களுக்கான மானியத் திட்டம் வளரும் நாடுகள் பலவற்றில் நடக்கிறது. கட்டடம், கருவி, கிணறு மாதிரியான வேலைக்கு நல்ல வழி. சம்பளமும் நடப்புச் செலவும் அதில் வராது. பொருளாகக் கிடைக்கும் எந்த உதவியிலும் இதை மறக்கக் கூடாது. நான் பார்த்த ஒரு மையத்தில், வேறொரு இடத்திலிருந்து வந்த பத்து கணினிகள் வரிசையாகத் துணி போர்த்தி இருந்தன. துணி மேலே விரல் வைத்தால் தூசி ஒட்டியது. சொல்லிக் கொடுக்க ஆளுக்குச் சம்பளம் இல்லை, மின் கட்டணத்துக்கும் வழியில்லை. யானையை வாங்கிக் கட்டிவிட்டுத் தீனிக்கு அலைகிற கதைதான். தீனிக்கு வழி செய்துவிட்டு அப்புறம் யானையைக் கேளுங்கள்.

ரோட்டரியின் உலகளாவிய மானியத்தைப் பற்றிப் பலருக்குத் தப்பான எண்ணம் இருக்கிறது. உங்கள் அமைப்பு நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. இரண்டு நாடுகளின் சங்கங்கள் சேர்ந்துதான் கேட்க வேண்டும், திட்டத்தின் மொத்தச் செலவு 30,000 டாலருக்குக் குறையக் கூடாது. சின்ன வேலைக்கு உள்ளூர் ரோட்டரி சங்கத்தோடு பேசி ரோட்டரியின் மாவட்ட மானியத்தைக் கேட்பதுதான் சரி. மரம், நீர், நிலம் சார்ந்த வேலை என்றால் உலகச் சுற்றுச்சூழல் வசதி (GEF) என்கிற சர்வதேச நிதி அமைப்பின் சிறு மானியத் திட்டம் இருக்கிறது. 1992லிருந்து நடக்கும் இந்தத் திட்டத்தில் யாருக்குத் தருவது என்று ஒவ்வொரு நாட்டிலும் ஒரு குழு முடிவு செய்கிறது, அதில் அரசு சாராதவர்களே அதிகம்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி சீக்கிரம் வரும், சீக்கிரம் நிற்கவும் செய்யும். ஒரு வருட வேலைக்கு வாங்கலாம், அதை நம்பி நிரந்தரமாக ஆள் எடுக்காதீர்கள்.

கடைசியாக மாதச் சந்தா. தெரிந்தவர்கள் மாதாமாதம் தரும் சின்னத் தொகையை மானியப் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. எனக்கு இதுதான் அடித்தளம். பணம் முன்கூட்டியே வருகிறது, சம்பளம் கொடுக்கலாம், கணக்கு ஒரு பக்கக் கடிதத்தில் முடிந்துவிடும். சேர்க்க நாளாகும், விட்டுப்போனவர்களைத் திரும்பக் கூப்பிடச் சங்கடமாகவும் இருக்கும். ஆனால் அன்றைக்கு எங்களிடம் முப்பது சந்தாதாரர்கள் இருந்திருந்தால், அந்த ஏழு மாதம் யாருடைய மகளின் கட்டணத்திலும் கை வைத்திருக்க மாட்டோம்.

எதற்கு விண்ணப்பித்தாலும், கடைசித் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே அங்கே போன் செய்து அந்த மூன்று கேள்வியையும் கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லி வாங்கிக் கோப்பில் வையுங்கள். ஒப்பந்தம் வந்ததும் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் ஒன்பதாவது பக்கம் வரை, அதற்கு மேலும், உட்கார்ந்து கேளுங்கள்.