தண்டர்பேர்ட்: நூற்று நாற்பது கோப்புறைகளை ஒழுங்காக வைத்துக்கொள்ள உதவுகிறதா?

புத்தக வடிவமைப்பும் மெய்ப்புத் திருத்தமும் என் தொழில். ஆசிரியர்கள், அச்சகங்கள், தாள் வணிகர்கள் என்று பலரோடும் மூன்று மின்னஞ்சல் முகவரிகள் வழியாகக் கடிதப் போக்குவரத்து நடக்கிறது. நூலுக்கு ஒன்று என்று தொடங்கிய கோப்புறைகளின் எண்ணிக்கை இன்று நூற்று நாற்பதைத் தாண்டிவிட்டது. ஆகவே ஒரு மின்னஞ்சல் நிரலை எடைபோடும்போது, மூன்றாண்டுகளுக்கு முன் முடிந்த ஒரு நூலின் கோப்புறையை எவ்வளவு விரைவில் கண்டெடுக்க முடிகிறது என்பதையே நான் முதலில் பார்க்கிறேன். தண்டர்பேர்ட் நிரலின் மற்றச் சிறப்புகளை விட்டுவிட்டு, இந்த ஒன்றை மட்டும் வைத்து இங்கே மதிப்பிடுகிறேன்.

மொசில்லாவின் திறமூல நிரலான இதன் 1.0 பதிப்பு 2004 டிசம்பரில் வெளிவந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. 2023-இல் வந்த 115-ஆம் பதிப்பில் அதன் தோற்றம் பெரிதும் மாறியது. நான் பயன்படுத்துவது 2025-இல் வந்த 140-ஆம் பதிப்பு.

இடப்பக்கப் பலகத்தின் தலைப்பில் மூன்று புள்ளிகள் கொண்ட ஒரு சிறு பொத்தான் இருக்கிறது. பல ஆண்டுகளாக இந்த நிரலைப் பயன்படுத்துவோரில்கூட அதை அழுத்திப் பார்க்காதவர்கள் உண்டு; நிரலின் உண்மையான வலிமையோ அதற்குள்தான் இருக்கிறது. எல்லாக் கோப்புறைகளையும் கணக்குவாரியாகக் காட்டுவது, எல்லாக் கணக்குகளின் இன்பாக்ஸையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டுவது, படிக்காத அஞ்சல் உள்ளவற்றை மட்டும் காட்டுவது, அண்மையில் திறந்தவற்றைக் காட்டுவது, நாம் விருப்பமானவை என்று குறித்தவற்றை மட்டும் காட்டுவது எனப் பல காட்சிகள் அதில் உள்ளன. முன்பு ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். இப்போது வேண்டியவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். என் பலகத்தில் விருப்பமானவை மேலேயும் முழுப் பட்டியல் கீழேயும் இருக்கின்றன. கையில் இருக்கும் ஏழெட்டு நூல்களின் கோப்புறைகளை வலச்சொடுக்கி விருப்பமானவை என்று குறித்துவிட்டு, நூல் அச்சுக்குப் போனதும் அந்தக் குறியை எடுத்துவிடுகிறேன். கோப்புறை இருந்த இடத்திலேயே இருக்கிறது. என் கண்முன் மட்டும் இல்லை. நாள்தோறும் தேடும் வேலையில் பெரும்பகுதி இந்த ஒரு பழக்கத்தால் குறைந்தது.

‘என் கோப்புறை காணவில்லை’ என்ற கலக்கம் மின்னஞ்சல் நிரல்களில் பலருக்கும் நேர்வதுதான். தண்டர்பேர்டில் அதற்கு மூன்று காரணங்களை முதலில் பார்க்க வேண்டும். அஞ்சலைச் சர்வரிலேயே வைத்துப் பல கருவிகளிலிருந்து படிக்க உதவும் ஐமேப் முறையில் கோப்புறைகளும் சர்வரில் இருக்கின்றன. அவற்றுள் நாம் சந்தா சேர்ந்தவற்றை மட்டுமே காட்டும்படி நிரலில் ஓர் அமைப்பு உண்டு. வேறு கருவியிலிருந்து உருவாக்கிய கோப்புறை இங்கே தெரியாவிட்டால், கணக்கின் பெயரை வலச்சொடுக்கி, ‘சப்ஸ்கிரைப்’ பட்டியலைத் திறந்து, அதில் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும். இரண்டாவது காரணம் ஜிமெயிலுக்கு உரியது. ஜிமெயிலில் கோப்புறைகள் இல்லை, லேபிள்கள்தான் உள்ளன. அவையே தண்டர்பேர்டில் கோப்புறைகளாகக் காட்சியளிக்கின்றன. இரண்டு லேபிள் ஒட்டிய ஓர் அஞ்சல் இரண்டு கோப்புறைகளிலும், போதாததற்கு ‘ஆல் மெயில்’ என்பதிலும் தெரியும். எந்த லேபிளை ஐமேப்பில் காட்டலாம் என்பதை ஜிமெயிலின் இணையப் பக்கத்திலுள்ள அமைப்புகளில்தான் முடிவுசெய்ய வேண்டும். காணாமற்போன கோப்புறை சில வேளைகளில் அங்கே அணைத்து வைக்கப்பட்டிருக்கும். மூன்றாவது காரணம் எளியது: சுட்டியால் இழுக்கும்போது கை தவறினால் ஒரு கோப்புறை பக்கத்திலுள்ள மற்றொன்றின் உள்ளே போய் அமர்ந்துவிடும். அழிந்துவிட்டதாக அஞ்சுவதற்கு முன், அக்கம்பக்கத்துக் கோப்புறைகளின் அம்புக்குறிகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பது நல்லது.

வரிசைப்படுத்தும் முறையில் 140-ஆம் பதிப்பு நெடுநாளைய குறை ஒன்றைத் தீர்த்திருக்கிறது. அதற்கு முன் இன்பாக்ஸ் போன்ற சிறப்புக் கோப்புறைகள் மேலேயும் மற்றவை அகரவரிசையிலும் நிற்கும். அதை மாற்ற நீட்சி எனப்படும் கூடுதல் துணை நிரல் ஒன்றை நிறுவ வேண்டியிருந்தது. இப்போது நமக்கு வேண்டிய வரிசையில் இழுத்து வைக்கும் வசதி நிரலிலேயே வந்துவிட்டது. இரண்டு கோப்புறைகளுக்கு இடையே விடுகிறோமா, ஒன்றின் மேலேயே விடுகிறோமா என்பதில் மட்டும் கவனம் வேண்டும்.

தமிழில் பெயர் வைக்கலாமா என்று தயங்குவோருக்கு என் விடை, தாராளமாக வைக்கலாம் என்பதே. அகரவரிசையில் எண்களும் ஆங்கிலப் பெயர்களும் முன்னே வர, தமிழ்ப் பெயர்கள் அவற்றுக்குப் பின் வரும். மேலே வர வேண்டியதன் பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் சேர்த்துக்கொள்வது பழைய பதிப்புகளிலும் பயன்படும் வழி. ஆனால் பழைய ஐமேப் நெறிமுறை, ஆங்கிலமல்லாத பெயர்களை ஒரு மாற்றுக் குறியீட்டில்தான் சர்வரில் எழுதி வைக்கிறது. திரையில் ஆறு எழுத்தாகத் தெரியும் ‘கடிதங்கள்’ என்ற பெயர் யூனிகோடில் ஒன்பது குறியீடுகள். சர்வரில் அது 26 எழுத்துகளாக விரியும். தண்டர்பேர்ட் இந்த மாற்றத்தை நமக்குத் தெரியாமலேயே செய்துவிடுகிறது. எனினும் கோப்புறைக்குள் கோப்புறை என்று நான்கைந்து அடுக்குகளை நீண்ட தமிழ்ப் பெயர்களால் அமைப்பதை நான் தவிர்க்கிறேன். பெயர் குறுகியதாக இருப்பது வாசிக்கவும் நல்லது.

அஞ்சல்களை உரிய இடத்துக்கு அனுப்புவதில் இரண்டு விசைகள் எனக்குப் பேருதவி. கன்ட்ரோல், ஷிஃப்ட், எம் ஆகியவற்றைச் சேர்த்து அழுத்தினால், கடைசியாக எந்தக் கோப்புறைக்கு ஓர் அஞ்சலை நகர்த்தினோமோ அங்கேயே இந்த அஞ்சலும் போய்ச் சேரும். ஏ என்ற எழுத்தை மட்டும் அழுத்தினால் அஞ்சல் ஆவணக் காப்புக்குப் போகும். அங்கே ஆண்டுவாரியாகவோ மாதவாரியாகவோ பிரித்து அடுக்கும்படி நாம் சொல்லி வைக்கலாம். வரும் அஞ்சல்களைத் தாமாகவே பிரித்து உரிய கோப்புறைக்கு அனுப்பும் வடிகட்டி விதிகளும் நன்றாகவே இயங்குகின்றன. ஆனால் அவை நம் கணினியில், நிரல் திறந்திருக்கும்போது மட்டுமே வேலை செய்யும் என்பதை மறக்கக் கூடாது.

என் மதிப்பீட்டில் தண்டர்பேர்டை மற்றவற்றிலிருந்து உயர்த்தி வைப்பது சேமித்த தேடல் என்னும் வசதி. அனுப்புநர், பொருள், நாள், குறிச்சொல் போன்ற நிபந்தனைகளைக் கொடுத்து, எந்தெந்தக் கோப்புறைகளில் தேட வேண்டும் என்று குறித்துவிட்டால், அந்தத் தேடலே பட்டியலில் ஒரு கோப்புறையாக அமர்ந்துகொள்ளும். ஓர் அஞ்சலும் இடம்பெயர்வதில்லை. நூற்று நாற்பது கோப்புறைகளில் சிதறிக் கிடக்கும் விலைப்புள்ளிகள் அனைத்தையும் நான் ஒரே இடத்தில் பார்ப்பது இப்படித்தான். ஒரு குறிப்பிட்ட அச்சகத்தார் எழுதியவை, நான் இன்னும் பதில் அனுப்பாதவை என்று மேலும் சில தேடல்களையும் வைத்திருக்கிறேன். இதற்குப் பழகிய பிறகு நூலுக்குள் ‘அச்சகம்’, ‘அட்டை’, ‘கணக்கு’ என்று துணைக் கோப்புறைகள் உருவாக்குவதை நிறுத்திவிட்டேன். தேடிக் கிடைத்த அஞ்சலை அது உண்மையில் இருக்கும் கோப்புறையிலேயே திறந்து பார்க்கும் கட்டளையும் வலச்சொடுக்கில் உண்டு என்பதால், இடம் மறந்துபோன கோப்புறைக்கு அதில் உள்ள ஓர் அஞ்சல் வழியாகவே போய்ச் சேரலாம்.

பராமரிப்பைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். இயல்பான அமைப்பில் ஒரு கோப்புறையின் அஞ்சல்கள் அனைத்தும் எம்பாக்ஸ் என்னும் ஒரே கோப்பில் சேர்கின்றன. நாம் அழித்தவையும் கோப்புறையைச் சுருக்கும் வரை அந்தக் கோப்பிலேயே இடம் பிடித்துக்கொண்டிருக்கும். நிரல் கேட்கும்போது சுருக்க ஒப்புக்கொள்வதும், பட்டியல் குழம்பித் தெரிந்தால் கோப்புறையின் பண்புகளில் உள்ள சீர்செய்யும் பொத்தானை அழுத்துவதும் போதும்.

குறையென்று நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான். அஞ்சல்களுக்குள் தேட இத்தனை வழிகள் தரும் இந்த நிரல், கோப்புறையின் பெயரைத் தட்டித் தேட இடப்பக்கப் பலகத்தில் ஒரு பெட்டியைத் தரவில்லை. இருபது கோப்புறைகள் வைத்திருப்பவருக்கு இது தோன்றாது. என்னைப் போன்றோருக்கு நாள்தோறும் தோன்றும். குவிக்ஃபோல்டர்ஸ் என்ற நீட்சி இந்த இடைவெளியை நிரப்புகிறது: பெயரின் சில எழுத்துகளைத் தட்டினால் பொருந்தும் கோப்புறைகளைக் காட்டுகிறது. கோப்புறை அதிகம் வைத்திருப்போர் தண்டர்பேர்டை நிறுவும் நாளிலேயே அதையும் சேர்த்து நிறுவிக்கொள்ளலாம். கே-9 மெயில் என்ற ஆண்ட்ராய்டு மின்னஞ்சல் செயலியை அடிப்படையாகக் கொண்டு 2024 அக்டோபரில் வந்த ஆண்ட்ராய்டு தண்டர்பேர்டில், ஓர் அஞ்சலை நகர்த்தும் திரையிலேயே கோப்புறைப் பெயரைத் தேடும் வசதி இருக்கிறது. கணினிப் பதிப்புக்கும் அதே வசதி வந்துவிட்டால், நீட்சியின்றியே இந்த நிரலை எவருக்கும் பரிந்துரைப்பேன்.